பொருளாதார மந்தமும் ஈழத்து இலக்கியமும்: சண்டிலிப்பாயை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சண்டிலிப்பாய் என்னும் ஊர் ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு கோயிலின் வாயிலாகவே இடம்பெறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் இவ்வூர்க் கல்வளைப் பிள்ளையார்மீது கல்வளையந்தாதி பாடினார். அதே புலவர் சில கல் தொலைவிலுள்ள சுழிபுரத்துப் பறாளாய் விநாயகர்மீது பள்ளு ஒன்றும் பாடினார். அந்தாதியில் ஊரும் தெய்வமும் உண்டு, உழைப்பவன் இல்லை. பள்ளில் உழைப்பவன் வருகின்றான். பண்ணைக்காரனிடம் அவன் படும் பாடும் வருகின்றது. ஆயினும் அவ்வவலம் பள்ளுப் பிரபந்த மரபுக்கேயுரிய நகைச்சுவைக்குள் அடங்கிவிடுகின்றது. இவ்விரு நூல்களும் எழுப்பும் வினா இன்றுவரை தொடர்வதாகும்: ஓர் ஊரின் துன்பத்தை இலக்கியம் எவருடைய இடத்தில் நின்று காண்கின்றது?

இவ்வினாவை இன்று மீண்டும் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போதும் அதன் பின்னரும், யாழ்ப்பாண மக்கள் துன்பத்தைத் தாங்கப் பழகியவர்கள், சிக்கனம் அவர்களது பண்பாடு என்னும் பேச்சு மேடைகளிலும் ஊர் மலர்களிலும் பெருகியது. முன்னோர் பெருமந்த காலத்தையும் யுத்த காலப் பஞ்சத்தையும் கடந்தனர். நாமும் கடப்போம் என்பதே அதன் சாரம். இது பாராட்டுரை போன்று தோன்றினும் ஒரு கணக்கை மறைக்கின்றது. 'குடும்பங்கள் தாக்குப்பிடித்தன' என்று கூறும்போது எக்குடும்பம், அக்குடும்பத்தில் எவர், எதனை இழந்து என்ற வினாக்கள் எழாது போகின்றன. ஈழத்து இலக்கியம் இக்கணக்கை எவ்வளவு தூரம் எழுதியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

சண்டிலிப்பாய், யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகர் செல்லும் வீதியில் மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையே அமைந்துள்ளது. குடாநாட்டின் ஒரே ஆறாகக் கருதப்படும் வழுக்கையாறு, மாரி காலத்தில் மட்டும் நீரோடி, இப்பகுதியூடாகவே செல்கின்றது. 1930ஆம் ஆண்டளவில் இத்தகைய வலிகாமத்து ஊரொன்றின் வாழ்வு மூன்று கால்களில் நின்றது எனலாம். மழையை நம்பிய ஒருபோக நெல் முதலாவது. கிணற்றுநீர் பாய்ச்சிச் செய்த தோட்டப் பயிர், சிறப்பாகப் புகையிலை, இரண்டாவது. கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்த ஆண்மக்கள் அனுப்பிய மணியோடர் மூன்றாவது. பேராசிரியர் கா. சிவத்தம்பி யாழ்ப்பாணச் சமூகத்தை விளக்கும்போது இம்மூன்றாவது காலின் முக்கியத்துவத்தை வற்புறுத்தியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. மானிப்பாயிலும் வட்டுக்கோட்டையிலும் வேரூன்றிய அமெரிக்க மிஷன் கல்வியும், பின்னர் அதற்குப் போட்டியாக எழுந்த சைவப் பாடசாலைகளும் உருவாக்கிய ஆங்கிலக் கல்வியின் விளைவே அது.

1929 ஒக்ரோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. மோட்டார்த் தொழில் ஒடுங்க, றப்பர் விலை வீழ்ந்தது. மலாயாவின் அரச வருவாய் றப்பரையும் ஈயத்தையும் பெரிதும் சார்ந்திருந்தமையால், 1930களின் தொடக்கத்தில் அங்கே அரச சேவையிலும் றெயில்வேயிலும் ஆட்குறைப்பும் சம்பளக் குறைப்பும் நிகழ்ந்தன. டெற்றொயிற்றில் மோட்டார் வாகனம் விற்காமற் போனமையால் வலிகாமத்தில் ஒரு வீட்டு மணியோடர் நின்றது. யாழ்ப்பாணப் புகையிலையின் பழைய சந்தையாகிய திருவிதாங்கூரும் முன்போற் கைகொடுக்கவில்லை. எஞ்சிய நெல்லோ ஊரின் வயிற்றுக்கு என்றும் போதியதன்று. பர்மா அரிசியே குறையை நிரப்பி வந்தது.

ஈண்டு ஒரு பொருளியல் உண்மை கருதத்தக்கது. பெருமந்தம் விலைவீழ்ச்சிக் காலம். பர்மா அரிசியின் விலையும் வீழ்ந்தது. பண்டம் மலிந்தது, வாங்கக் காசு இருக்கவில்லை. விலைகள் வீழும்போது பழைய கடன் வீழ்வதில்லை. நூறு ரூபா ஈட்டுக் கடன் நூறு ரூபாவாகவே நிற்க, அதனை அடைப்பதற்கு விற்கவேண்டிய புகையிலையோ முன்னையதிலும் அதிகமாகின்றது. ஆகவே மந்தகாலத்தின் உண்மையான வரலாற்றை அரிசி விலையில் மட்டும் தேடுதல் பயனற்றது. அது நொத்தாரிசின் உறுதிகளில் உள்ளது. ஈடு ஒற்றியாகி, ஒற்றி அறுதியாகி, காணி கைமாறிய கதை அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றது.

2

விளக்கத்தின் பொருட்டு இரு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவது குடும்பத்துக்குச் சில பரப்புத் தோட்டமும் ஒரு கிணறும் வழுக்கையாற்றருகே சிறிது வயலும் உண்டு. மூத்த மகன் மலாயாவில் எழுதுவினைஞன். இரண்டாவது குடும்பம் அம்முதற் குடும்பத்தின் தோட்டத்தில் நாட்கூலி செய்வது. குடியிருக்கும் நிலமும் அதற்குச் சொந்தமன்று.

மணியோடர் நின்றதும் முதற் குடும்பம் சிக்கனத்தைக் கைக்கொள்கின்றது. சிக்கனம் என்றால் என்ன? துலா மிதிக்கவும் நீர் இறைக்கவும் கொத்தவும் வைத்த கூலியாட்களை நிறுத்திவிட்டு வீட்டவரே அவ்வேலையைச் செய்தல், வேலிக்கு ஆள் பிடியாதிருத்தல், கொண்டாட்டங்களைச் சுருக்குதல். இவை ஒவ்வொன்றும் இரண்டாவது குடும்பத்துக்கு ஒவ்வொரு நாட்கூலியின் இழப்பாகும். முதல் வீட்டின் சிக்கனமே இரண்டாவது வீட்டின் பட்டினி. முதல் வீட்டார் தமது பேரப்பிள்ளைகளுக்கு இதனைப் பண்பின் கதையாகக் கூறுவர், அது பொய்யுமன்று. ஆனால் இரண்டாவது வீட்டிலிருந்து பார்க்கும்போது அதே கதை வேறொரு பெயரைப் பெறும்.

உணவிலும் இவ்வேறுபாடு உண்டு. பனை இருவரையும் காத்தது என்பது உண்மை. பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்திய ஒடியலும், அவித்து உலர்த்திய புழுக்கொடியலும், பனங்களியிலிருந்து பெற்ற பனாட்டும் பஞ்சகாலச் சேமிப்புகளே. எனினும் பனை நிற்பதற்கும் நிலம் வேண்டும். கிழங்குக்கு விதை பாத்தியிட இடமுள்ளவனுக்கே ஒடியல் சேமிப்பாகும். மற்றையவனுக்கு அது பெற்றுண்ணும் பொருளாகும். இன்று ஒடியற்கூழ், நண்டும் இறாலும் மிதக்க, புலம்பெயர்ந்தோர் ஒன்றுகூடல்களில் பண்பாட்டு உணவாகப் பரிமாறப்படுகின்றது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உப்பும் புளியும் மிளகாயும் மட்டும் சேர்ந்த கூழை நாள்தோறும் குடித்தவனின் நினைவை அந்தச் சுவை அழித்துவிடலாகாது.

இன்னொன்றையும் நினைவுகூரவேண்டும். 'அன்று ஊர் ஒற்றுமையாக இருந்தது' என்று போற்றப்படும் அக்காலமே, பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கும்படி 1929இல் விதிக்கப்பட்டதை அடுத்து யாழ்ப்பாணத்திலே பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்ட காலமுமாகும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, முதற் சட்டசபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியத்தின் பெயரால் பகிஷ்கரித்தது. சாதியெதிர்ப்பிலும் முன்னின்ற அவ்வியக்கத்தின் இலட்சிய உறுதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் முதன்முறையாக வாக்குரிமை பெற்ற கூலித் தொழிலாளிக்கு அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு, அவன் மிக நலிந்திருந்த அந்த வேளையில், தள்ளிப்போயிற்று என்பதும் வரலாறே.

3

இனி இலக்கியத்துக்கு வருவோம். பெருமந்தம் தொடங்கிய 1930ஆம் ஆண்டிலேயே, சண்டிலிப்பாய்க்கு அயலான சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளெனக் கொள்ளப்படும் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் வளர்ந்தது அக்காலப் பகுதியிலேயே. நவீன சிறுகதையும் பொருளாதார மந்தமும் நம் மண்ணில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன எனலாம். அவ்வாறிருந்தும், இம்மூவரின் பெரிதும் பேசப்படும் கதைகளில் மந்தத்தின் பொருளியல் இடம்பெறவில்லை.

வறுமையே இடம்பெறவில்லை என்று கூறுதல் நியாயமாகாது. வைத்தியலிங்கத்தின் 'பாற்கஞ்சி' இதற்குச் சான்று. கூழ் குடிக்க மறுக்கும் சிறுவனுக்கு, நெல் அறுத்ததும் பாற்கஞ்சி தருவதாகத் தாய் ஆசை காட்டுகின்றாள். அறுவடைக்கு முன் பெய்யும் மழை பயிரை அழித்துவிடுகின்றது. மனத்தை உருக்கும் கதை. ஆனால் இக்கதையில் பசிக்குக் காரணம் மழை. இயற்கை கொடுப்பதாகச் சொல்லி எடுத்துவிடுகின்றது. மழை கெடுத்த பின்னர் அவ்வீடு எங்கே கடன்படும், எவரிடம் வயலை ஒற்றி வைக்கும் என்ற இடத்துக்குக் கதை செல்வதில்லை. வறுமை விதியின் முகத்துடன் நிற்கின்றது. அதன் கணக்குப் புத்தகம் திறக்கப்படவில்லை.

இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' இன்னொரு வகையில் நோக்கத்தக்கது. வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் செல்லும் இளந்தம்பதியர், வாங்கிய பாதசரத்தை இழந்து பிணங்கி மீண்டும் மனம் இணையும் கதை அது. நகை அங்கே காதலின் குறியீடு. கலையளவில் அது குறைவற்றது. எனினும் யாழ்ப்பாணக் குடும்பத்தில் நகை வேறொரு தொழிலையும் செய்தது. அதனைச் சட்டமே நிர்ணயித்திருந்தது. தேசவழமைக்கு உட்பட்டோருக்கான 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையும் சொத்தைத் தானே கையாளலாம். அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதாவது, சீதனக் காணி அவள் பெயரில் இருந்தாலும் தன் விருப்பப்படி அவளால் அதனைத் தொட இயலாது, நகையைத் தொடலாம். இடர் வந்தபோது முதலில் வீட்டைவிட்டுப் போனது எது என்பதற்கு இச்சட்டமே ஒரு விடை. காப்பு அடைவுகடைக்குப் போனது, பின் சங்கிலி, இறுதியிலேதான் காணியுறுதி பெட்டியைவிட்டு வெளியே வந்தது. குடும்பத்தின் காணி 'காப்பாற்றப்பட்டது' என்பதன் பொருள், பல வேளைகளில், பெண்ணின் ஒரே சுயாதீனச் சொத்து அழிந்தது என்பதாகும்.

4

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதை அடுத்து நிலைமை மாறிற்று. அம்மாற்றத்துக்குப் பின்புலமாக அமைந்த ஒரு நிகழ்ச்சியைச் சுட்டவேண்டும். யுத்தம் காரணமாக 1942இல் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது; கிராமந்தோறும் சங்கக்கடைகள் பெருகின. முன்னர் வீட்டுக்குள் பெண்ணும், தோட்டத்தில் கூலியாளும் தனித்தனியே சுமந்த பாரத்தில் ஒரு பகுதியைப் பொது நிறுவனமொன்று ஏற்றது. 1953இல் ஒரு கொத்து பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். தாக்குப்பிடித்தலை மக்கள் மறுத்த நாள் அது.

மறுத்தல் என்னும் இவ்வுணர்வே டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதியிலும் கே. டானியலின் எழுத்துகளிலும் இலக்கியமாயிற்று. சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊராகிய சங்கானை, 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டத்தின் களங்களுள் ஒன்றானது. 1972இல் வெளிவந்த டானியலின் 'பஞ்சமர்' அப்போராட்ட காலத்தின் குரலாகும். மேலே நாம் கற்பனை செய்த இரண்டாவது குடும்பம் தன் இடத்தில் நின்று பேசத் தொடங்கியது இவ்வெழுத்துகளிலேதான். அயலூரான அளவெட்டியில் பிறந்த மஹாகவி தமது காவியமொன்றுக்கு 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்று பெயரிட்டமையும் இச்சூழலில் வைத்து உணரத்தக்கது. சாதாரண மனிதனுக்குச் சரித்திரம் உண்டு என்பதே அன்று ஒரு புதிய கூற்று.

எனினும் முற்போக்கு இலக்கியத்தின்பால் பற்றுடையோரே அதன் எல்லையையும் சுட்டவேண்டும். அது கோயில் வாசலையும் தேநீர்க்கடையையும் கிணற்றடியையும் கண்டது. அடுக்களையைப் பெரும்பாலும் வறுமையின் அடையாளமாக மட்டுமே கண்டது. எரியாத அடுப்பு ஒரு படிமமாக வந்தது. எரியாத அடுப்பை எரியச் செய்ய ஒருத்தி செய்த வேலை, அதாவது கைமாற்று, சீட்டு, ஓலை பின்னல், நெல் குற்றல், ஒருவேளை உணவை மூன்றாகப் பகிர்ந்து தன் பங்கை இல்லாதாக்கல், உழைப்பாகக் கணிக்கப்படவில்லை. கூலியற்ற அவ்வுழைப்பும் பொருளாதாரமே என்ற தெளிவு, 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுதி போன்ற பெண்ணெழுத்து முயற்சிகளின் பின்னரே நம் விமர்சனத்தில் மெல்லமெல்லக் கால்கொண்டது.

5

1970களின் அனுபவம் இவ்வாய்வை மேலும் சிக்கலாக்குகின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றமும் காரணமாக இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. பாணுக்கு வரிசை, மரவள்ளிக் கிழங்கு, குறைந்த அரிசிப் பங்கீடு என்று நாடு வாடியது. அதே கட்டுப்பாடுகள் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் என்றுமில்லாத விலையைக் கொடுத்தன. வலிகாமத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டிய காலம் அது. நீர்ப்பம்பியும் உரமும் பெருகின. ஆயின் அவ்விலையேற்றத்தின் பெரும்பங்கு காணியும் கிணறும் உடையோரிடமே சேர்ந்தது. அரிசியை விலைக்கு வாங்கி உண்ட காணியற்றவனுக்கோ அது பஞ்சகாலம்தான். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை சரிந்து, தோட்டக்காரரும் தடுமாறினர். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரு வேலிக்கு இருபுறமும் இருவேறு காலங்கள் நிலவலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டின் வீழ்ச்சி பெருமந்தத்துக்கு நேர்மாறானது. அன்று பண்டம் மலிந்து காசு மறைந்தது. இன்று காசு இருந்தும் அதன் பெறுமதி மறைந்தது. ஏப்பிரில் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்தலை இடைநிறுத்துவதாக அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் எட்டியது. வறுமை விகிதம் ஓராண்டில் 13.1 சதவீதத்திலிருந்து 25.6 சதவீதமாக இரட்டித்ததென உலக வங்கி மதிப்பிட்டது. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதித் தடையால் ஏற்கெனவே அடிபட்ட தோட்டக்காரன், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, நீர்ப்பம்பியை நிறுத்துவதா பயிரை விடுவதா என்று திகைத்தான். துலா மிதித்த தலைமுறைக்கு ஆட்கூலி எதுவோ, பம்பித் தலைமுறைக்கு மண்ணெண்ணெய் அது.

மாறாதது ஒன்று உண்டு. நகை மீண்டும் அடைவுக்குச் சென்றது. அடைவு வைக்க நகையற்ற பெண்கள், யுத்தத்தின் பின் வடக்கில் பரவிய நுண்கடனுக்குள் அதற்கு முன்னரே சிக்கியிருந்தனர். 2018ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களிலே பெண்கள் பெற்றிருந்த நுண்கடன்களின் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்கும் அளவுக்கு அச்சுமை வளர்ந்திருந்தது. 1930இல் நொத்தாரிசின் உறுதியில் எழுதப்பட்டது, இன்று வாராந்தத் தவணை அட்டையில் எழுதப்படுகின்றது. இந்நிலையில் 'எம்மவர் தாங்கக்கூடியவர்' என்னும் புகழ்ச்சி எவருக்குப் பயன்படும்? தாங்குவோர் உள்ளவரை சுமையைக் குறைக்கவேண்டிய அவசியம் எவருக்கும் நேராது.

6

எனவே நமது இலக்கிய விமர்சனம் செய்யவேண்டுவன சில உள. பெருமந்த காலத்தை எழுதாது விட்டமைக்காக முன்னோடிகளைக் குற்றங்கூறுதல் எளிது, அது பயனற்றதுமாகும். அவர்கள் கண்ட வறுமையை விதியாக்கிய பார்வையின் சமூக அடித்தளத்தை விளக்குவதே விமர்சனத்தின் கடன். அத்துடன், அச்சேறிய படைப்புகளோடு அமையாது, ஒற்றியுறுதி, அடைவுச் சீட்டு, மணியோடர்த் துண்டு, ஐக்கிய நாணய சங்கங்களின் கூட்டக் குறிப்பு என்பவற்றையும் ஒரு சமூகத்தின் எழுத்துகளாகக் கொண்டு படைப்புகளுக்கு அருகே வைத்துப் படிக்க வேண்டும். போரும் இடப்பெயர்வும், சிறப்பாக 1995ஆம் ஆண்டின் வலிகாமப் பேரிடப்பெயர்வும், இத்தகைய வீட்டுப் பத்திரங்களுட் பலவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவற்றைத் தேடுதல் தாமதிக்கத்தக்க பணியன்று.

இனி எழுதப்போவோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2022ஆம் ஆண்டைப் பற்றிய கதைகளும் கவிதைகளும் இனியும் வரும். அவற்றில் எரிபொருள் வரிசை வரும், மின்வெட்டு வரும், கொழும்புக் காலிமுகத்திடலும் வரும். அவை வரவேண்டியவையே. சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்காரன் மண்ணெண்ணெய் விலைக்கு அஞ்சி அரைத் தோட்டத்தைத் தரிசாக விட்டபோது, அந்த அரைத் தோட்டத்தில் களைபிடுங்கி வாழ்ந்த பெண் அன்றிரவு எதைச் சமைத்தாள், எவருக்கு முதலில் பரிமாறினாள் என்பதும் வரவேண்டும். முதல் வீட்டின் சிக்கனமும் இரண்டாவது வீட்டின் பட்டினியும் ஒரே பக்கத்தில் எழுதப்படும்போதே அக்கணக்கு நேராகும்.